கார் ஆடியோவில் ‘உய்ங்’ சத்தம்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), ஊஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) எல்லாம் மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரில் ‘உய்ங்’ என்று ஓர் ஊளை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் மேலே ஏறும். உடனே பலரும் கடைக்குப் போய் ஒரு நாய்ஸ் ஃபில்டர் வாங்கி வந்து மாட்டுவார்கள். முதல் தவறே அதுதான். சத்தம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று தெரியாமல் மாட்டினால் கோளாறு அப்படியே இருக்கும். மலிவான ஃபில்டராக இருந்தால் பேஸும் சேர்ந்து மெலிந்துவிடும்.

எல்லாச் சத்தத்தையும் ‘நாய்ஸ்’ என்ற ஒரே பெயரில் அடக்குவது அடுத்த தவறு. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ‘டிக் டிக்’ என்று கேட்டால் ஸ்பார்க் பிளக் பக்கம் பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டிருக்கலாம். ரேடியோவில் மட்டும் இரைச்சல் என்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. டேஷ்கேம், யுஎஸ்பி சார்ஜர், எல்இடி பல்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பார்க்காமல் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. வால்யூமோடு சத்தமும் கூடினால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் ஊளை அப்படியே கேட்டால் அதற்குப் பின்னால், அதாவது ஆர்சிஏ ஒயர் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோவது), ஆம்ப், எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) பக்கம் தேட வேண்டும்.

அடுத்த சோதனைக்குப் பழைய ஆர்சிஏ பின் இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் நடுக் கம்பியையும் வெளி வளையத்தையும் ஒன்றாக முறுக்கிக்கொள்ளுங்கள். சிஸ்டத்தை ஆஃப் செய்து, ஆம்பிலிருந்து ஆர்சிஏ ஒயர்களைக் கழற்றி, அந்த இடத்தில் இந்தப் பின்களைச் செருகி, வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் ஊளை கேட்டால் ஆம்பின் பவர், எர்த், ஸ்பீக்கர் ஒயர் என்று அங்கேயே வேலை. நின்றுவிட்டால் ஆம்ப் மேல் பழி இல்லை. பிறகு வேறொரு ஆர்சிஏ ஒயரை தரை விரிப்புக்கு அடியில் விடாமல் சீட்டுக்கு மேலேயே போட்டு இணைத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பழைய ஒயரோ அது போகும் பாதையோதான் காரணம். பெரும்பாலும் பேட்டரியிலிருந்து வரும் பவர் கேபிளோடு அதையும் சேர்த்துக் கட்டி ஒரே பக்கமாக இழுத்திருப்பார்கள். ஒன்றை இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் கொண்டுபோங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் நேர்க்குத்தாகக் குறுக்கிடட்டும்.

ஆர்சிஏவை சிஸ்டம் ஓடும்போது பிடுங்காதீர்கள். ‘டம்’ என்று ஸ்பீக்கருக்கு அடி விழும் என்பதோடு முடியாது. ஆம்பின் எர்த் தளர்ந்திருந்தால் அதன் மின்னோட்டம் ஆர்சிஏ ஒயரின் வெளி வளையம் வழியாக ஸ்டீரியோவுக்குள் பாயப் பார்க்கும். சில ஸ்டீரியோக்களில் அந்த வழியில் இருப்பது முடி போல மெல்லிய ஒரு தடம், அல்லது பொடி பியூஸ். அது எரிந்துவிட்டால் பிறகு எத்தனை எர்த் மாற்றினாலும் ஊளை போகாது. ஆர்சிஏவின் வெளி வளையத்தை ஒரு சிறு ஒயரால் ஸ்டீரியோவின் உலோக உடம்போடு தொட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கினால் எரிந்தது அதுதான். ஆம்பில் கை வைக்கும்போது எர்த்தைக் கடைசியாகக் கழற்றி முதலில் மாட்டச் சொல்வதும் இதனால்தான்.

எர்த் விஷயத்தில்தான் அவசரம் அதிகம் நடக்கிறது. பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டு ‘பாடியில் கொடுத்தாச்சு’ என்பார்கள். பெயின்ட்டுக்கு அடியில் பளபளவென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு பிடிக்காது. கடலோர ஊர்களில் இதை விடவே கூடாது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அது உயிர் காக்கும் போல்ட். எர்த் ஒயர் பவர் கேபிள் அளவுக்குத் தடிமனாக, அரை மீட்டருக்குள் இருக்கட்டும். மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து ‘பூஜ்யம் காட்டுது’ என்று நம்பிவிடாதீர்கள். இவ்வளவு சிறிய தடையை அது சரியாகக் காட்டாது. இன்ஜின் ஓட, பாட்டு சத்தமாக ஒலிக்க, டிசி வோல்ட்டில் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை.

இன்ஜின் ஆஃபில் இருக்கும்போதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்டால் எர்த்தைக் கிளற வேண்டாம், ஆம்பில் உள்ள கெய்ன் திருகைப் பாருங்கள். உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை அமைப்பது அது. வால்யூம் திருகு அல்ல. ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, குரல் பிசிறடிக்கும்வரை கெய்னை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கினால் போதும்.

கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுக்கும்போது நெகட்டிவ் ஒயர்களை ஒன்றாக முறுக்கி பாடியில் கொடுத்துவிடுகிறார்கள். இப்போதைய ஸ்டீரியோக்களில் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரிலுமே சிக்னல் ஓடுகிறது. எதுவும் எர்த் இல்லை. அதை பாடியில் தொட்டால் ஸ்டீரியோவுக்குள் ஸ்பீக்கரை ஓட்டும் ஐசி (சிப்) போய்விடும் அபாயம் உண்டு.

ஹெட்லைட், ஏசி போட்டதும் ஊளை கூடினால் ஆல்டர்னேட்டரையே சந்தேகிக்கலாம். உள்ளே உருவாகும் ஏசி மின்சாரத்தை டிசி மின்சாரமாக மாற்றும் டையோடு ஒன்று பழுதானால் அலை மிஞ்சி வயரிங் முழுக்கப் பரவும். இதைச் சோதிக்கிறேன் என்று வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவையே எரித்துவிடலாம்.

போனை சார்ஜ் போட்டபடி ஆக்ஸ் கேபிளில் பாட்டு கேட்கும்போது மட்டும் ஊளை வருகிறதா? சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் வழியாக இன்னோர் எர்த் என்று இரண்டும் வளையமாகிவிட்டன. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். சார்ஜரும் வேண்டும், ஆக்ஸும் வேண்டும் என்றால் ஆக்ஸ் ஒயரில் இந்த எர்த் வளையத்தைத் துண்டிக்கும் ஒரு கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் போடுங்கள். காசு கொடுத்து வாங்குவதற்கு அர்த்தம் இருக்கும் இடம் இது.