துப்பறியும் நாவலும் ஆயிரம் துண்டுப் படமும்

பினாங்கில் மழை பெய்யும் மாலையைத் துப்பறியும் நாவலோடு கழிக்க விரும்புவோர், சௌராஸ்தா சந்தையின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். வாங்குமுன் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கொலையாளி பெரும்பாலும் அங்கேதான் பிடிபடுவான். கொலை நடந்த நேரத்தில் எங்கிருந்ததாக ஒவ்வொருவரும் சொல்கிறார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துவந்தால், ஆசிரியர் ஒளித்துவைத்த முரண்பாடு எளிதில் கண்ணில் படும்.

கண் களைத்ததும் ஜிக்சா புதிருக்கு மாறலாம். 1,000 துண்டுப் படம் ஏறத்தாழ 70க்கு 50 சென்டிமீட்டர் இடம் கேட்கும் என்பதால், சாப்பாட்டு மேசையை நம்பாமல், கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கக்கூடிய பலகையின்மேல் முதலில் ஓரத் துண்டுகளையும், பிறகு நிறவாரியாகப் பிரித்த மற்றவற்றையும் சேர்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் நீல வானம் கடைசியில் வரட்டும். புதிருக்குப் பதிலாக வண்ணப் பென்சிலால் படங்களுக்கு வண்ணம் தீட்டுவோர், பென்சிலை மெல்ல அழுத்தி, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் செல்ல வேண்டும்.