‘எஞ்சின் நின்றுவிட்டது’ என்பது பாதி பதில்தான்: கரீபியன் புரொப்பெல்லர் விமான விபத்து அறிக்கையைப் படிக்கும் முறை

கரீபியன் தீவுகளுக்கு நடுவே பறக்கும் சின்ன விமானம் ஒன்று விழுந்தால், மறுநாள் செய்தியில் ‘எஞ்சின் கோளாறு’ என்று ஒரு வரி வரும். இரண்டு எஞ்சினில் ஒன்றுதானே நின்றது, மற்றது ஏன் காப்பாற்றவில்லை? விசாரணை அறிக்கையைக் கையில் எடுத்ததும் இந்தக் கேள்வியோடுதான் உள்ளே போக வேண்டும்.

அறிக்கை எங்கே கிடைக்கும் என்பதற்கு, விழுந்த இடம் யாருடைய ஆட்சிப் பகுதி என்று பாருங்கள். போர்ட்டோ ரிக்கோ என்றால் அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி, செயின்ட் பார்த்தலமி என்றால் பிரான்சின் விசாரணை அமைப்பான பிஇஏ, ஆன்டிகுவா என்றால் கிழக்குக் கரீபியன் சிவில் விமான ஆணையம்.

முதலில் எடைப் பக்கத்துக்குப் போங்கள். ஒரு எஞ்சின் போனால் சக்தி பாதியாகும். ஆனால் மேலே ஏறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும். மிச்சமிருப்பதையும் வெயில் தின்னும். கடல் மட்டத்தில் 30 டிகிரி வெப்பம் என்றால், விமானக் கணக்குகளில் நிலையான அளவாக வைக்கும் 15 டிகிரியை விட 15 அதிகம். டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கினால், விமானம் சுமார் 1,800 அடி உயரத்து மெல்லிய காற்றில் கிளம்புவதுபோல் நடந்துகொள்ளும். அதிகச் சுமையையும் சேர்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

2009 அக்டோபர் 22 அன்று குராசோ தீவிலிருந்து பொனேர் தீவுக்குக் கிளம்பிய டிவி டிவி ஏர் நிறுவனத்தின் ஐலேண்டர் என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் இதை அப்படியே பார்க்கலாம். கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 6,600 பவுண்டு. அன்று அதைவிட 9 சதவீதம், கிட்டத்தட்ட 600 பவுண்டு கூடுதல். லோடு ஷீட்டில், அதாவது எடைக் கணக்குத் தாளில், ஆளுக்கு 160 பவுண்டு என்று போட்டிருந்தார்கள். நீங்களே கணக்குப் போடுங்கள்: 9 பயணிகள், ஆளுக்கு உண்மையில் 190 பவுண்டு என்று வைத்தால், தாளில் தெரியாத 270 பவுண்டு வந்துவிடும். வலது எஞ்சின் நின்றபின் விமானத்தால் உயரத்தைத் தக்கவைக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த குராசோவுக்குத் திரும்பாமல் பொனேரை நோக்கியே போனதையும் நெதர்லாந்தின் விசாரணை வாரியம் தவறென்றது. க்ளெயின் பொனேர் அருகே கடலில் இறக்கினார்கள். 9 பயணிகளும் பிழைத்தார்கள், விமானி இறந்தார்.

எடைக்கு அடுத்து, அது எங்கே ஏற்றப்பட்டது என்று பாருங்கள். 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸின் மார்ஷ் ஹார்பரில் பாடகி ஆலியா உட்பட 9 பேர் இறந்த செஸ்னா 402பி விபத்தில், எடை வரம்பு வெகுவாக மீறியிருந்தது. எடை மையமும் பின்பக்க எல்லையைத் தாண்டியிருந்தது. விமானியின் உடலில் போதைப்பொருள் இருந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு மூட்டைக் கணக்கே முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு பொருளின் எடையையும், ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் மையம் கிடைக்கும். 6,300 பவுண்டு விமானத்தில் 100 பவுண்டுப் பெட்டியை 10 அடி பின்னால் தள்ளினால் மையம் ஏறக்குறைய 2 அங்குலம் நகரும். அனுமதி இருப்பதே சில அங்குலங்களுக்குத்தான். பின்கனம் அதிகமானால் தரையை விட்டதும் மூக்கு தானாகத் தூக்கும், வால் இறக்கையை முழுக்க அழுத்தினாலும் இறங்காது, வேகம் செத்துப்போகும்.

எஞ்சின் ஏன் நின்றது என்பது அதன் பிறகுதான். மழைக்காலமென்றால் எரிபொருளில் தண்ணீரைத் தேடுங்கள். 2012 அக்டோபர் 7 அன்று ஆன்டிகுவாவில் கிளம்பிய ஃப்ளைமொன்செராட் நிறுவனத்தின் ஐலேண்டரில், வலது டேங்க்கின் மூடிப் பகுதியில் இருந்த குறையால் மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது. கிளம்பிய உடனே வலது எஞ்சின் அடங்கியது; நாலு பேரில் மூவர் இறந்தார்கள். இதைத் தடுக்கும் வேலை எளிது: ஒவ்வொரு டேங்க்கின் அடி வால்விலிருந்தும் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். இந்த விமானங்கள் குடிக்கும் 100 எல்எல் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் நிறமில்லாமல் அடியில் தங்கி, நடுவே ஒரு கோடு தெரியும். இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குப்பி முழுக்கத் தண்ணீராகவே வந்தால் கோடே இருக்காது, சுத்தமாகத் தோன்றும். நிறத்தையும் வாசனையையும் பார்க்காமல் கொட்டிவிடக் கூடாது.

அதே அறிக்கையில் ‘ஃபெதர்’ என்ற சொல்லையும் தேடுங்கள். நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் பிளேடுகளைக் காற்றோட்டத்துக்கு நேராகத் திருப்பாவிட்டால், அவை சும்மா சுழன்று பெரிய தட்டுபோலக் காற்றைத் தடுக்கும். ஆன்டிகுவாவில் வலது புரொப்பெல்லர் ஃபெதர் ஆகவில்லை.

டர்போபிராப், அதாவது டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானம் என்றால் ‘பீட்டா’ முக்கியம். பறக்கும்போது பிளேடின் கோணத்தைக் கவர்னர் என்ற தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். எஞ்சின் சக்தி லீவரை, பறக்கும்போது வைக்கக்கூடிய மிகக் குறைந்த நிலையான ஃப்ளைட் ஐடிலுக்குக் கீழே இழுத்தால் கோணம் நேரடியாக விமானியின் கைக்கு வரும்; அதுதான் பீட்டா. அது தரைக்கு மட்டுமானது. 2001 மார்ச் 24 அன்று செயின்ட் பார்த்தலமியில் ஏர் கராய்ப் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் என்ற டர்போபிராப் விமானம் விழுந்தது. சுமார் 650 மீட்டர் ஓடுபாதை, அதற்கு முன்னால் ஒரு மேடு. அந்த மேட்டைத் தாண்டியதும் சட்டென்று இறங்க வேண்டும். வேகத்தையும் உயரத்தையும் அடக்க, பறக்கும்போதே பீட்டாவைப் பயன்படுத்தியதுதான் பெரும்பாலும் காரணம் என்றது பிஇஏ. பீட்டாவிலிருந்து வெளியே வரும்போது இரண்டு பக்கத்துப் புரொப்பெல்லர்களும் ஒரே நேரத்தில் மீளவில்லை; விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிப் புரண்டது. உள்ளே இருந்த 19 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள்.

எஞ்சின் நன்றாக ஓடியும் விழுந்தவை உண்டு. 2005 டிசம்பர் 19 அன்று மயாமியிலிருந்து பிமினிக்குக் கிளம்பிய, 1947இல் செய்யப்பட்ட மல்லார்ட் கடல் விமானத்தின் வலது இறக்கை கழன்று 20 பேர் இறந்தார்கள். இறக்கைக்குள் உலோகச் சோர்வு விரிசல். எரிபொருள் கசிந்தபோதெல்லாம் சீலன்ட் என்ற அடைப்புப் பசை பூசியிருந்தார்கள். கசிவே உள் விரிசலின் அறிகுறி என்பதை யாரும் தொடரவில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் ஒரே கசிவு திரும்பத் திரும்ப வந்தால் அங்கே கோடு போடுங்கள்.

வெப்ப மண்டலத்தில் பனிக்கட்டியா என்று சிரிக்க வேண்டாம். கரீபியனில்கூட சுமார் 15,000 அடிக்கு மேல் உறைநிலைதான். 2010 நவம்பர் 4 அன்று கியூபாவில் 68 பேரோடு ஏடிஆர் 72 டர்போபிராப் விமானம் விழுந்தது, 20,000 அடி உயரத்தில் கடும் பனிப்படிவில் சிக்கி.

கடைசியாக, தண்ணீரில் இறங்கிய பிறகு நடந்ததைப் படியுங்கள். 2003 ஜூலை 13 அன்று பஹாமாஸின் ட்ரெஷர் கே அருகே கடலில் இறக்கிய செஸ்னா 402சியிலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள், ஆனாலும் இரண்டு பயணிகள் இறந்தார்கள். எஞ்சின் போனபின் விமானி பயணிகளுக்கு அவசரக் குறிப்பு எதுவும் சொல்லவில்லை. உயிர்காப்பு ஜாக்கெட்டை இருக்கையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். கதவைத் தாண்டி வெளியே வந்தபின்தான் ஊதவிட வேண்டும். உள்ளேயே ஊதினால், தண்ணீர் ஏறும்போது கூரையில் ஒட்டிக்கொண்டு கதவுக்குக் குனிய முடியாது.