செயின்சாவின் ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் நாமே மாற்றுவது எப்படி?

இரண்டு முறை இழுத்தாயிற்று, பற்றவில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் கோபத்தோடு இழுக்கிறீர்கள். கை படாரென்று பின்னால் போகிறது. கைப்பிடியும் ஒரு சாண் கயிறும் மட்டும் கையில் இருக்கின்றன. மீதிக் கயிறு சர்ரென்று மெஷினுக்குள் போய் ஒளிந்துகொண்டது. செயின்சா வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இது நடக்கத்தான் செய்யும்.

பயப்பட ஒன்றுமில்லை. எஞ்சினைத் தொடவே வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் ஒரு மூடியைக் கழற்றினால் வேலை முழுக்க அதற்குள்தான். கயிற்றைக் கோர்ப்பதும் சுலபம்தான். கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்கி வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியவன்தான், முதல் தடவை நான் மாற்றிய கயிற்றில் கைப்பிடி மூடியோடு ஒட்டி நிற்காமல் நாக்கைத் தொங்கப் போட்டதுபோல் வெளியே தொங்கியது. அதனால் அந்த இடம் வரும்போது நிதானமாகப் போவோம்.

முதலில், பழுது கயிற்றில்தானா?

கயிறு இரண்டாக அறுந்திருந்தால் சந்தேகமே இல்லை. கயிறு முழுசாக இருந்தும் இழுத்த பிறகு உள்ளே திரும்பிப் போகவில்லை என்றால், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். கயிறு வந்து போகிறது, ஆனால் எஞ்சின் சுழலவே இல்லை என்றால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரமான ஃப்ளைவீலைப் பிடிக்கிற சின்னக் கொக்கிகளில் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது அவை தேய்ந்திருக்கும். கயிற்றை அசைக்கவே முடியவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் மூடியைக் கழற்றிக் கயிற்றைத் தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். மூடியில் சுலபமாக வருகிறது என்றால் சிக்கல் எஞ்சினில். அதற்கு இந்த விளக்கம் உதவாது.

இன்னும் அறுந்துபோகவில்லை, ஆனால் ஓரிடத்தில் பிசிறு தட்டி மெலிந்திருக்கிறது என்றால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. காட்டுக்கு நடுவில் அறுந்தால் வேலை அன்றைக்கு அவ்வளவுதான்.

தேவையானவை

மூடியின் திருகுகளுக்கு ஏற்ற சாவி வேண்டும். பெரும்பாலும் நட்சத்திரத் தலை கொண்ட டி27 டார்க்ஸ், சிலவற்றில் ஆலன் கீ. அப்புறம் ஒரு சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், மூக்கு நீண்ட குறடு, கத்தி, லைட்டர், பழைய பிரஷ். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஸ்பிரிங் ஒரு நொடியில் வெளியே துள்ளிவிடும். அது போகிற திசை நம் முகமாகவும் இருக்கலாம்.

கயிறு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். துணி காயப்போடும் கயிறு, பார்சல் கட்டும் கயிறு எல்லாம் உரசல் தாங்காமல் சீக்கிரமே போய்விடும். ஸ்டார்ட்டருக்கென்றே விற்கும் பின்னல் நைலான் கயிறு வாங்குங்கள். சின்ன, நடுத்தர மெஷின்களுக்கு 3 முதல் 3.5 மில்லிமீட்டர் தடிமன், பெரியவற்றுக்கு 4 அல்லது 4.5 என்பது வழக்கம். நீளம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை. உங்கள் மெஷினுக்குச் சரியான அளவு பழைய கயிற்றிலேயே இருக்கிறது. அறுந்த இரு துண்டுகளையும் முனையோடு முனை வைத்து அளந்துகொள்ளுங்கள். தடிமன் கூடினால் கயிறு, அது சுற்றியிருக்கும் கப்பியின் பள்ளத்தில் அடங்காமல் மூடியில் உரசும். குறைந்தால் கப்பிக்கும் மூடிக்கும் இடையே நழுவி இறுகிக்கொள்ளும். பழைய கயிற்றை எறிந்துவிட்டு, புதிய கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை முடியும்வரை எதையும் எறியாதீர்கள்.

மூடியைக் கழற்றுதல்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, செயின் ஓடும் பாருக்கு உறையை மாட்டி, ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் கேப்பைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். பெட்ரோல் மூடியும் ஆயில் மூடியும் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மெஷினைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஸ்டார்ட்டர் மூடி, செயின் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். மூன்று அல்லது நான்கு திருகுகள். நீளம் வேறுபட்டிருந்தால் எது எந்த ஓட்டையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூடி கழன்றதும் வேறெதையும் தொடுவதற்கு முன் மொபைலில் இரண்டு மூன்று படம் எடுத்துவிடுங்கள். கயிறு கப்பியில் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது, முடிச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த ஓட்டை வழியாக வெளியே போகிறது, இவை தெளிவாகத் தெரிய வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

மூடியின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கப்பி. அதற்கு அடியில் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஒரு தட்டை ஸ்பிரிங். கயிற்றை இழுத்தால் கப்பி சுழன்று ஃப்ளைவீலைச் சுழற்றும். கூடவே ஸ்பிரிங்கும் முறுக்கேறும். கயிற்றைத் தளர்த்தினால் ஸ்பிரிங் கப்பியை எதிர்ப்பக்கம் திருப்பிக் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் திசைக் குழப்பம் வராது.

பழைய கயிற்றை எடுத்தல்

அறுந்த கயிறு என்றால் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. முடிச்சைக் குறடால் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

அறுந்துபோகாத கயிறு என்றால் முதலில் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்க வேண்டும். கயிற்றை ஒரு முழம் வெளியே இழுத்து, கப்பியைக் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்துங்கள். கப்பியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் கயிற்றைக் கொஞ்சம் இழுத்து ஒரு வளையம் போல எடுத்து, அந்த வெட்டில் மாட்டி, கப்பியைக் கையால் தடுத்துத் தடுத்து மெதுவாகச் சுழல விடுங்கள். சட்டென்று கையை எடுத்தால் கப்பி பம்பரமாகச் சுற்றும், விரல்களையும் பதம் பார்க்கும்.

இனி ஒரு சின்னத் துப்பறியும் வேலை. கயிறு எந்த இடத்தில் அறுந்தது? கைப்பிடிக்குப் பக்கத்தில் பிசிறு பிசிறாக அறுந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மூடியில் கயிறு வெளியே வரும் ஓட்டைதான். அதில் ஒரு சிறிய வளையம் பதித்திருப்பார்கள். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தாலோ, கூர்மையான விளிம்பு தட்டுப்பட்டாலோ வளையத்தையும் மாற்றுங்கள்; இல்லாவிட்டால் புதுக் கயிறும் அதே இடத்தில்தான் அறும். முடிச்சுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால், கயிற்றைக் கடைசி நுனிவரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் யாருக்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

மூடி கையில் இருக்கும்போதே காற்று போகும் இடுக்குகளிலும் ஃப்ளைவீல் இறக்கைகளுக்கு நடுவிலும் அடைந்த மரத்தூளைப் பிரஷால் தட்டிவிடுங்கள். எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று அந்த வழியாகத்தான் வருகிறது.

கப்பியைக் கழற்ற வேண்டுமா?

முடிச்சு உட்காரும் குழி மேலிருந்தே தெரிந்தால், கயிற்றை அப்படியே கோர்க்க முடிந்தால், கழற்றாதீர்கள். சும்மா இருக்கிற ஸ்பிரிங்கைக் கிளப்பிவிட வேண்டாம் என்பது என் கட்சி.

வேறு வழியில்லை என்றால் நடுவில் இருக்கும் திருகையோ கிளிப்பையோ எடுத்துவிட்டு, கப்பியை லேசாக இடதும் வலதும் அசைத்தபடி நேராக மேலே தூக்குங்கள். ஸ்பிரிங்கின் முனை கப்பியில் மாட்டியிருக்கும். அது விடுபட்டது கையில் தெரிந்த பிறகே முழுதாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்பிரிங்கும் கூடவே எழுந்து வந்துவிடும். அப்படி வந்த ஸ்பிரிங்கை மறுபடி சுருட்டி உள்ளே வைக்க நான் ஒரு மாலைப்பொழுதையே செலவழித்திருக்கிறேன். திரும்ப வைக்கும்போது கப்பியை மெல்லத் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். ஸ்பிரிங் முனை மாட்டியதும் திருப்பும் விரலுக்கு எதிர்ப்பு தெரியும்.

புதுக் கயிற்றைக் கோர்த்தல்

பழைய அளவைவிட ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் லைட்டரால் லேசாக உருக்கி, ஒரு உலோகப் பரப்பில் உருட்டிக் கூராக்குங்கள். உருகிய நைலானை விரலால் தொட வேண்டாம், தோலில் ஒட்டிக்கொண்டு எரிக்கும். இந்த வேலையை மெஷினுக்கும் பெட்ரோல் கேனுக்கும் எட்டத் தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.

ஒரு முனையைக் கப்பியின் ஓட்டையில் நுழைத்து ஒரே ஒரு இறுக்கமான முடிச்சு. முடிச்சுக்கு அப்பால் வால் ஒரு சென்டிமீட்டர் போதும். முடிச்சு குழிக்குள் முழுதாக அடங்க வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் உள்ளே எதிலாவது இடிக்கும். மறுமுனையை மூடியின் ஓட்டை வழியாக உள்ளிருந்து வெளியே எடுத்து, அப்புறம் கைப்பிடியில் கோர்த்து எட்டு வடிவ முடிச்சுப் போடுங்கள். மூடி முதலில், கைப்பிடி பிறகு. சிரிக்க வேண்டாம், கைப்பிடியில் முடிச்சை இறுக்கிவிட்டு மூடியைத் தேடுபவர்கள் நிறைய. இழுப்பை மென்மையாக்கும் ஸ்பிரிங் சில கைப்பிடிகளுக்குள் இருக்கும். அதில் கயிறு எப்படிப் போனதோ அப்படியே கோர்க்க வேண்டும்.

முறுக்கேற்றுதல்

இதுதான் நிதானம் தேவைப்படும் இடம்.

கப்பியை விரலால் இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பத் திருப்ப இறுகுகிறதோ அது முறுக்கேறும் பக்கம். கயிற்றை இழுக்கும்போது கப்பி அந்தப் பக்கம்தான் சுழல வேண்டும். ஆகவே கயிற்றை அதற்கு எதிர்ப்பக்கமாகக் கப்பி சுழன்றால் எப்படிச் சுற்றிக்கொள்ளுமோ, அப்படிச் சுற்ற வேண்டும். நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைக் கப்பியில் கையாலேயே சுற்றி, கடைசியில் ஒரு சாணுக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள். அந்தத் தளர்ந்த பகுதியை வளையமாக எடுத்துக் கப்பியின் வெட்டில் மாட்டுங்கள். இப்போது அந்த வளையத்தைப் பிடித்தே கப்பியை முறுக்கேறும் பக்கமாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கட்டைவிரலால் கப்பியை அழுத்திப் பிடித்தபடி வளையத்தை விடுவித்து, முறுக்கிக்கொண்ட கயிற்றை நேராக்கி, கைப்பிடியால் வெளியே இழுத்து, கப்பியை மெதுவாக விடுங்கள். கைப்பிடி போய் மூடியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு சோதனைகள். ஒன்று, கைப்பிடி தொங்காமல், ஒரு பக்கம் சாயாமல் நிற்கிறதா? தொங்கினால் வளையத்தை மறுபடி மாட்டி இன்னொரு சுற்று கூட்டுங்கள். இரண்டாவதைத்தான் பலரும் செய்வதில்லை: கயிற்றை முழுதாக வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கப்பியைக் கையால் இன்னும் அதே பக்கம் திருப்பிப் பாருங்கள். குறைந்தது அரைச் சுற்றாவது திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஸ்பிரிங் முழுதாக இறுகிவிட்டது. இப்படியே ஓட்டினால் அடுத்து உடைவது அதுதான். ஒரு சுற்றைக் குறைத்துவிடுங்கள். தொங்கவும் கூடாது, இறுகவும் கூடாது. சில மெஷின்களில் இது முதல் முயற்சியிலேயே அமையும், சிலவற்றில் நாலு தடவை கழற்றி மாட்ட வைக்கும்.

மூடியைப் பொருத்துதல்

மூடியை இடத்தில் வைத்து, கைப்பிடியை மெல்ல ஒரு சாண் இழுங்கள். ஃப்ளைவீலின் கொக்கிகள் கப்பியோடு சேரும்போது மூடி தானாகப் படிந்து உட்காரும். படியாமல் இருந்தால் திருகை இறுக்கிப் படிய வைக்கப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். படிந்த பிறகு திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பிளக் கேப்பை மாட்டுவதற்கு முன் பத்துப் பதினைந்து முறை மெதுவாக இழுத்து விடுங்கள். உரசும் சத்தம் வருகிறதா, ஒவ்வொரு முறையும் கைப்பிடி முழுதாகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். சரி என்றால் கேப்பை மாட்டலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது மெஷின் தரையில் இருக்கட்டும், செயின் எதிலும் படக்கூடாது, பாரின் உறையைக் கழற்ற மறக்கவும் வேண்டாம். பின் கைப்பிடியை வலது காலால் மிதித்து, முன் கைப்பிடியை இடது கையால் அழுத்திப் பிடியுங்கள். கயிற்றை எதிர்ப்பு தெரியும்வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து நேர்கோட்டில் வேகமாக இழுங்கள். சாய்த்து இழுத்தால் ஓட்டை விளிம்பில் தேயும். முழு நீளத்தையும் இழுக்க வேண்டாம். பற்றியதும் கயிற்றின் கைப்பிடியை அப்படியே விட்டுவிடாமல், கையிலேயே கொண்டுபோய் உள்ளே விடுங்கள்.

மீந்த கயிறு இன்னொரு தடவைக்கு ஆகும் நீளம் இருந்தால், சாவியோடு சேர்த்து மெஷின் பெட்டியில் போட்டுவையுங்கள்.