பச்சை இலை போட்டிருந்தால் போதுமா? நிறுவனங்களின் சுற்றுச்சூழல் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

நிறுவனங்களின் சுற்றுச்சூழல் அறிக்கையைத் திறந்தால் மரக்கன்று நடும் அதிகாரிகளின் படம் இருக்கும், பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு சதவீதமும் இருக்கும். 'உமிழ்வை (காற்றில் விடும் கார்பனை) 20% குறைத்துவிட்டோம்' என்பார்கள். எதில் 20% என்று கேட்காமல் விடுவதுதான் பெரும்பாலானோர் செய்கிற தவறு.

ஒரு கம்பெனி போன வருடம் 1,000 சட்டை தைத்தது, சட்டைக்கு 10 கிலோ கார்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் சட்டைக்கு 8 கிலோதான், ஆனால் தைத்தது 1,500 சட்டை. விளம்பரத்தில் சொன்ன 20% பொய்யே இல்லை. மொத்த உமிழ்வோ 10,000 கிலோவிலிருந்து 12,000 கிலோவாகிவிட்டது, அதாவது 20% கூடியிருக்கிறது. காற்றுக்குத் தெரிவது மொத்தம் மட்டும்தான்.

அடுத்தது, எதையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள் என்பது. உலகம் முழுக்கப் பயன்படும் ஜிஎச்ஜி புரோட்டோகால் (பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடும் விதிமுறை) உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது: சொந்த ஆலையிலும் வண்டிகளிலும் எரிப்பது ஸ்கோப் 1, விலைக்கு வாங்கும் மின்சாரம் போன்றவை ஸ்கோப் 2, மூலப்பொருள், சப்ளையர், சரக்குப் போக்குவரத்து, விற்ற பொருளை வாங்கியவர் பயன்படுத்துவது என மீதி எல்லாமே ஸ்கோப் 3. பெட்ரோல் கார் செய்பவருக்குப் பெரும்பங்கு இந்த மூன்றாவதில்தான், ஏனென்றால் புகை கிளம்புவது சாலையில். அதை விட்டுவிட்டு ஆலைக் கூரையில் சோலார் போட்டதைப் பக்கம் பக்கமாக எழுதினால், நல்ல வேலைதான், ஆனால் பாதிக் கணக்குகூட இல்லை.

மரம் நட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது. இன்று புகைபோக்கியில் போவது இன்றே காற்றில் கலக்கிறது, கன்று அதை இழுத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவும் காட்டுத்தீயில் போகாமல் இருந்தால். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதி, இப்படி மரம் நட்டும் மற்ற வழிகளிலும் வெளியே ஈடுசெய்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளை 'கார்பன் நடுநிலை' (கூட்டிக் கழித்தால் காற்றில் கார்பன் சேர்க்காதது) என்று விற்கக் கூடாது என்கிறது.

ஐஎஸ்ஓ 14001 சான்றிதழைப் பார்த்ததும் 'சுத்தமான கம்பெனி' என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அது நிர்வாக முறைக்கான சான்று, அவ்வளவுதான். புகை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எந்த அளவும் இல்லை. 'மட்கும்' என்று அச்சடித்த பிஎல்ஏ (தாவரத்திலிருந்து செய்யும் ஒரு பிளாஸ்டிக்) கப்பும் இதே கதைதான், சுமார் 60 டிகிரி சூடு பிடிக்கிற தொழிற்சாலை உரக்கிடங்கு கிடைத்தால் மட்கும், வெறும் குப்பைமேட்டில் வெகுகாலம் அப்படியே கிடக்கும்.

அப்புறம், இதற்கு நேர் எதிரான தவறு: எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது. ஃபோக்ஸ்வாகன் 2015-ல் மாட்டியதும் (சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகமெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள்) பலருக்கு அந்த எண்ணம் வந்தது, வராமல் என்ன செய்யும்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நிறுவனம் நேர்மையாக ஸ்கோப் 3-ஐயும் முதல்முறை எண்ணத் தொடங்கினால் அந்த வருட அறிக்கையில் அதன் எண் பல மடங்கு எகிறும், எண்ணாத போட்டியாளர் பக்கத்தில் சுத்தமாகத் தெரிவார். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே எல்லைக்குள்தான் எண்ணியிருக்கின்றனவா, எந்த ஆண்டோடு ஒப்பிட்டிருக்கின்றன, வெளியாள் யாராவது சரிபார்த்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில் இருக்கும்.