பொறியியற் பட்டப்படிப்பைத் தெரிவு செய்யும் முறை: திருகோணமலை மாணவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் திருகோணமலையில் பல வீடுகளில் எழும் முதற் கேள்வி, எந்தத் துறைக்கு வேலை கிடைக்கும் என்பதுதான். கேள்வியில் பிழையில்லை; கேட்கும் நேரந்தான் பிழை. அரச பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் முதலில் தெரிவு செய்வது பீடத்தையே. குடிசார், இயந்திரம், மின், கணினி என்று துறை பிரிவது பெரும்பாலும் அனைவருக்கும் பொதுவான தொடக்கப் பருவம் முடிந்த பின்னர், அங்கு நீங்கள் பெறும் புள்ளிகளைப் பொறுத்தே நடக்கிறது. ஆகவே இவை இரண்டு தெரிவுகள். இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும்.

படி 1: பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்

பொறியியலும் பொறியியல் தொழினுட்பமும் ஒன்றல்ல. முன்னையதற்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பின்னையது தொழினுட்பப் பிரிவில் கற்றவர்களுக்கானது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் பொறியியற் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 ஆம் ஆண்டு முழு உறுப்புரிமை பெற்றதால், அதன் தரச்சான்று பெற்ற பொறியியற் பட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் கல்வித் தகைமையளவில் ஏற்கின்றன. இச்சான்று பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அன்றி, ஒவ்வொரு கற்கைநெறிக்கும் குறித்த காலத்துக்கே வழங்கப்படுகிறது. தனியார் நிறுவனமொன்றில் பல இலட்சம் ரூபாய் கட்ட எண்ணுபவர்கள், விளம்பரத் துண்டில் உள்ள வாசகத்தை நம்பாமல், நீங்கள் சேரவிருக்கும் அதே கற்கைநெறி பொறியியலாளர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே காசோலை எழுத வேண்டும்.

படி 2: பீடங்களை வரிசைப்படுத்துங்கள்

மொறட்டுவை, பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் பொறியியற் பீடங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலும், தென்கிழக்கின் பீடம் ஒலுவிலிலும் இருக்கின்றன. எல்லாத் துறைகளும் எல்லாப் பீடங்களிலும் இல்லை. இரசாயன மற்றும் செயன்முறைப் பொறியியலில் நாட்டமுள்ளவர், அத்துறை எங்கே உள்ளது என்பதை முதலில் பார்த்துவிட்டே வரிசை எழுத வேண்டும்.

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலை அம்மாவட்டங்களுள் ஒன்று என்பதால், கொழும்பின் வெட்டுப்புள்ளியைக் கண்டு மனந்தளராமல், நம் மாவட்டத்தின் கடந்த சில ஆண்டு இசட் புள்ளிகளை (பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் புள்ளி) ஒப்பிடுங்கள். விண்ணப்பத்தில் உண்மையான விருப்ப வரிசையையே எழுதுங்கள்; எட்டாத ஒன்றை முதலில் எழுதியதால் அடுத்தது கைநழுவிப் போவதில்லை.

படி 3: துறையை வேலையின் இயல்பால் அளவிடுங்கள்

இதற்கு ஊரைச் சுற்றிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் குடிசார் பொறியியலைக் காண்கிறீர்கள். சீனக்குடாப் பக்கத்துச் சீமெந்து ஆலையிலோ இயந்திரம், மின், இரசாயனம் என மூன்று துறையினருக்கும் ஒரே கூரையின் கீழ் வேலை இருக்கிறது.

ஆனால் ஒரு திட்டத்தை நம்பித் துறையைத் தெரிவு செய்யாதீர்கள். சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வருமென்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2016 இல் அது கைவிடப்பட்டது. பின்னர் அங்கே சூரிய மின்சக்தித் திட்டம் வந்தது, 2025 ஏப்ரலில் 120 மெகாவாற் நிலையத்துக்கான பணி தொடக்கி வைக்கப்பட்டது. கொதிகலனை மனதில் வைத்துக் காத்திருந்தவருக்கு இது ஏமாற்றம். மின்கடத்தல், மின்மாற்றி, கட்டுப்பாடு ஆகியவற்றைக் கற்றவருக்கோ எரிபொருள் எதுவானாலும் இடமுண்டு. அதனால்தான் முதற் பட்டத்தில் அகலமான அடிப்படைத் துறையையும், குறுகிய சிறப்பை முதுமாணிப் பட்டத்திலும் தேடுவதே நல்லது என்று நான் சொல்வேன்.

ஓர் ஆண்டின் நிலவரத்தையும் அளவுகோலாக்க வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரசின் கட்டுமானப் பணிகள் பல நின்றபோது குடிசார் பட்டதாரிகள் திண்டாடினார்கள். டொலரில் உழைத்த மென்பொருட்காரர்களைப் பார்த்து ஊரே கணினிப் பக்கம் திரும்பியது. நான்காண்டுப் படிப்பு முடியும்போது அந்தக் காற்று எந்தப் பக்கம் வீசுமென்று மாமாவுக்கும் தெரியாது, ரியூசன் ஆசிரியருக்கும் தெரியாது.

படி 4: காத்திருக்கும் மாதங்களைப் பயன்படுத்துங்கள்

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறும். தமிழ் மொழிமூலம் படித்த மாணவர் முதற் பருவத்தில் கணிதத்தில் அல்ல, கேள்வியை விளங்குவதிலேயே புள்ளியை இழக்கிறார். அந்தப் புள்ளியே துறையையும் தீர்மானிக்கிறது. பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் உயர்தரப் பௌதிகவியலையே ஆங்கிலத்தில் ஒருமுறை படித்து முடியுங்கள். உங்கள் பீடத்தில் தற்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் அண்ணாவையோ அக்காவையோ தேடி, நீங்கள் விரும்பும் துறைக்குச் சென்ற ஆண்டு எத்தகைய புள்ளி தேவைப்பட்டது, தொழிற்பயிற்சிக்கு எங்கெங்கே அனுப்பினார்கள் என்ற இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.