ஊருக்கு டிக்கெட் போடும்போதே திரும்பி வருவதையும் யோசியுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது செய்கிற பெரிய தவறு, டிக்கெட் போடுகிற அன்றைக்கே நடந்துவிடுகிறது. கிடைத்த லீவில் ஒரு நாளைக்கூட விடக் கூடாது என்று நினைத்து, லீவு முடிகிற கடைசி இரவு வந்து இறங்கி மறுநாள் காலை வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற மாதிரி தேதி போடுகிறோம். நாங்களும் மூன்று தடவை அப்படித்தான் போட்டோம். மூன்றாவது தடவை, பள்ளி வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்த என் மகள் நின்றபடியே கண்ணயர்ந்து என் மேல் சாய்ந்தாள். அடுத்த வருடத்திலிருந்து ஊரில் இரண்டு நாளைக் குறைத்து, அந்த இரண்டு நாளைத் திரும்பி வந்த பிறகு வீட்டில் இருக்க வைத்துக்கொண்டோம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி முடிவானதும் முதலில் பாஸ்போர்ட்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுடையது சரியாக இருக்கும், குழந்தைகளுடையதுதான் மாட்டிவிடும், ஏனென்றால் பல நாடுகளில் சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் குறைவு. இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அதைவிட முக்கியம், நீங்கள் வாழும் நாட்டின் குடியிருப்பு அனுமதி எப்போது முடிகிறது என்பது. ஊருக்குப் போக அது தேவைப்படாது, திரும்பி வரத்தான் தேவைப்படும், அதனாலேயே அதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தைகளோடு போவதாக இருந்தால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், சில எல்லைகளில் கேட்பார்கள்.

மருத்துவரைப் போய்ப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை. நம்ம ஊர்தானே, நாம் வளர்ந்த இடம்தானே என்று இருந்துவிடுகிறோம். ஆனால் மலேரியா உள்ள பகுதியில் வளர்ந்தவர்களுக்கு உடம்பில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தாலும், வெளியே வந்து சில வருடங்களில் அது குறைந்துவிடும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கோ அது அறவே கிடையாது. சுற்றுலாப் பயணிகளைவிட, சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள்தான் தடுப்பூசியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் போய் அதிகமாக நோயில் விழுகிறார்கள் என்பது பயண மருத்துவம் பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கிளம்புவதற்கு 4 முதல் 6 வாரத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள், தடுப்பூசி வேலை செய்ய அவ்வளவு நாள் வேண்டும்.

பெட்டி விஷயத்தில் நான் சொல்வது கொஞ்சம்தான். எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தினமும் சாப்பிடும் மருந்துகள் மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவைப்படாது, வழக்கமான 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணிதான். கைக்குழந்தை இருந்தால், விமானம் இறங்கத் தொடங்கும்போது பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காதில் அழுத்தம் குறையும்.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. இனிதான் முக்கியமான விஷயம். வந்த மறுநாளே எல்லோர் வீட்டுக்கும் போயாக வேண்டும் என்று ஒரு பட்டியல் நம் தலைமேல் வந்து உட்கார்ந்துவிடும். போகவில்லை என்றால் வருத்தப்படுவார்கள், போனால் ஒரு வீட்டிலும் அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, குழந்தைகள் வண்டியிலேயே தூங்கி வண்டியிலேயே எழுந்திருக்கும். இதற்கு எங்களுக்குப் பலித்த வழி, ஒரு நாளைக் குறித்து அன்றைக்கு எல்லோரையும் ஒரே இடத்துக்கு வரச் சொல்லிவிடுவது. வர முடியாத வயதானவர்கள் வீட்டுக்கு மட்டும் நாம் போகலாம். ஒன்றிரண்டு பேர் மனம் சுணங்கத்தான் செய்வார்கள், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படி மிச்சம் பிடித்த நாட்களில் குறைந்தது மூன்றையாவது ஒன்றுமே செய்யாமல் அப்பா அம்மாவோடு வீட்டில் இருப்பதற்கு ஒதுக்குங்கள். வீடியோ அழைப்பில் அவர்கள் முகம் மட்டும்தான் தெரியும், உட்கார்ந்துதான் பேசுவார்கள், நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். போன தடவை ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், அப்பா மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். அவர் கை பட்டுப் பட்டுச் சுவரில் அந்த உயரத்தில் ஒரு அழுக்குக் கோடே விழுந்திருந்தது. ஒரு வருடமாக வாரம் இரண்டு தடவை பேசியும் எனக்கு அது தெரியாது. மருந்துகளையும் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அட்டைகளில் எது தீர்ந்திருக்கிறது, எது தொடப்படாமலே கிடக்கிறது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் கேட்கத் தயங்காதீர்கள், ஆனால் கிளம்புகிற அன்று கேட்காதீர்கள், அன்றைக்கு அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாத்தா பாட்டியைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை என்று யாரும் அவர்களைக் குறை சொல்ல விடாதீர்கள். அவர்களுக்குப் பழக நேரம் வேண்டும். சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலை கொடுத்தால் போதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ பழைய போட்டோக்களை அடுக்குவதோ எதுவானாலும், பேச்சு தானாக வரும்.

கிளம்பும் நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி முந்தின இரவே கட்டி முடிந்திருக்க வேண்டும். அடுத்து எப்போது பேசுவோம் என்று நாளும் நேரமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எப்போது வருவோம் என்பதை, உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் பெட்டி வரவில்லை, உடைந்திருக்கிறது என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதிக் கொடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமானால் கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் தூக்கம். உடம்பு தோராயமாக ஒரு நேர மண்டலத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் சரியாகும். கிழக்கு நோக்கிப் பறந்தால் கஷ்டம் அதிகம், ஏனென்றால் நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது, அதற்கு நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது கடினம். வெளிச்சம்தான் இதற்கு நல்ல மருந்து. பகலில் வெளியே நடங்கள், பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துங்கள்.

மனசு சரியாவதற்கு இதைவிட நாள் பிடிக்கும். பெட்டியைத் திறந்தவுடன் துணிகளிலிருந்து ஊர் வீட்டு வாசனை வரும், மகள் தன் சட்டையை முகர்ந்துவிட்டு, துவைக்க வேண்டாம் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும். அழுதால் வேடிக்கை காட்டிப் பேச்சை மாற்றாதீர்கள், கூட உட்காருங்கள், நமக்கும் அழுகை வந்தால் பிள்ளைகள் பார்ப்பதில் தவறில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் ஊர் நேரம் காட்டும் இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறோம். சின்னவன் சாப்பிடும்போது அதைப் பார்த்துவிட்டு, இப்போ தாத்தா தூங்கியிருப்பார் என்பான்.

முதல் வாரத்துக்குள், ஞாபகம் மங்குவதற்கு முன், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பெட்டியில் தொடாமலே திரும்பி வந்தவை, யாரைப் பார்க்க முடியாமல் போனது, ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று கண்ணில் பட்டது. எங்கள் நோட்டில் முதல் வரி, மாடிப்படிக்குக் கைப்பிடி. அடுத்த பயணம் வரை காத்திருக்காமல் போனிலேயே ஆள் பேசி, போன மாதம் போட்டாயிற்று.