மாடலுக்கு முன் ஆயிரம் பீஸ் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு இருக்கிறதா என்று கேமரா வைத்துப் பிடிக்கும் மாடல், அதாவது படங்களைப் பார்த்துப் பழகிப் பழுது எது, நல்லது எது என்று சொல்லும் மெஷின் லேர்னிங் புரோகிராம், செய்து கொடுத்தேன். மாடலின் துல்லியம் 95 சதவீதம். பெருமையாகத்தான் போனேன். முதல் நாளே செக்கிங் டேபிளில் இருந்த அக்கா கேட்டார்: "ஏனுங் தம்பி, நல்ல பீசுக்கெல்லாம் லைட்டு எரியுது?"

அன்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை, இப்போதெல்லாம் புரோகிராம் எழுதும் முன்பே போட்டுவிடுகிறேன். மெஷின் லேர்னிங் வேலைக்கு எந்தக் கணக்கு தெரிய வேண்டும் என்று கேட்டால், இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். நீங்களும் பேனா எடுங்கள்.

1000 பீஸ். அதில் 10 பழுது. மாடல் பத்துப் பழுதில் ஒன்பதைப் பிடிக்கிறது. நல்ல பீஸ் நூறில் ஐந்தைத் தப்பாகச் சொல்கிறது. பழுதுக்கு 9 முறை விளக்கு எரியும். மீதி 990 நல்ல பீசில் சுமார் 50 முறை எரியும். ஆக 59 முறை எரிந்தால், 9 தான் நிஜம். அக்கா சொன்னது சரி.

இதுதான் தாமஸ் பேய்ஸ் இறந்த பிறகு 1763-இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்த தேற்றம். சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை, பழுது ஒரு கிளை, நல்லது ஒரு கிளை என்று பிரித்து எண்ணினால் போதும். இன்னொன்றும் தெரியவரும். மாடலே இல்லாமல் எல்லா பீசுக்கும் "நல்லது" என்று முத்திரை குத்தினால் துல்லியம் 99 சதவீதம்! பழுது அபூர்வமாக வரும் இடத்தில் துல்லியத்தைச் சொல்லிக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள்.

அப்படியானால் என் மாடல் வீணா? அதைப் பணம்தான் சொல்லும். முதலாளியிடம் இரண்டு தொகை கேளுங்கள். ஒரு பீசை மறுபடி பார்க்க 10 ரூபாய், பழுது வெளியே போனால் நஷ்டம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10-ஐ 200-ஆல் வகுத்தால் 0.05. பழுதாக இருக்க 5 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புள்ள எந்த பீசையும் எடுத்துப் பார்ப்பது லாபம். 59 விளக்குக்குச் செலவு 590, மிச்சம் பிடித்தது 1800. லைப்ரரி, அதாவது நாம் எடுத்துப் பயன்படுத்தும் தயார் புரோகிராம் தொகுப்பு, 'இதற்கு மேல் போனால் பழுது' என்று தானாக வைக்கும் 0.5 என்ற எல்லைக்கும் உங்கள் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு பீசுக்கும் மாடல் தரும் 0 முதல் 1 வரையிலான எண் உண்மையிலேயே நிகழ்தகவாக இருக்க வேண்டும். 0.2-லிருந்து 0.3 வரை மதிப்பெண் வாங்கிய பீஸ்களைத் தனியே எடுத்து எண்ணுங்கள். நாலில் ஒன்று பழுதாக இருந்தால் நம்பலாம். பத்தில் ஒன்றுதான் என்றால் மாடல் பீதியைக் கிளப்புகிறது. எல்லை வைக்கும் முன் அந்த எண்களை நிஜ விகிதத்துக்கு ஒத்துப்போகும்படி திருத்துங்கள்.

நான் சறுக்கிய இடம் வேறு. படங்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தேன். ஒரே ரோலின் படங்கள் இரண்டு பக்கமும் போய்விட்டன. ஊசி பழுதானால் ரோல் முழுக்க ஒரே கோடுதானே வரும்? மாடல் அந்த ரோலை மனப்பாடம் செய்திருந்தது, புது ரோல் வந்ததும் விழித்தது. ரோல் ரோலாகப் பிரியுங்கள். படங்களின் எண்களைச் சீராக்கப் பயன்படும் சராசரி, திட்டவிலக்கத்தையும் பயிற்சி ரோல்களில் மட்டும் கணக்கிடுங்கள்.

வகையீடு (கால்குலஸ்), அணி (மேட்ரிக்ஸ்) எல்லாம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், ஆனால் அவற்றை லைப்ரரி பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. பயிற்சியின்போது பிழை குறையாமல் துள்ளினால், மாடல் தன்னைத் திருத்திக்கொள்ள வைக்கும் அடி பெரிது என்று புரிந்து, அந்த அடியின் அளவான லேர்னிங் ரேட்டைப் பத்தில் ஒன்றாக்கத் தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

கடைசியாக, "பத்தில் ஒன்பது" என்றேனே, அது எவ்வளவு உறுதி? பத்தே பழுதில் சோதித்திருந்தால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது 60-லிருந்து 98 சதவீதம் வரை ஏதோ ஒன்று என்பதுதான். 30 பழுதில் ஒன்றைக்கூட விடவில்லை என்றாலும், 3-ஐ 30-ஆல் வகுங்கள் (ஒன்றுமே தவறாதபோது 3-ஐச் சோதித்த எண்ணிக்கையால் வகுப்பது, அதே 95 சதவீத நம்பிக்கைக்கான குறுக்குவழி): பத்தில் ஒன்றை விடும் மாடலாகவும் அது இருக்கலாம். அதனால் வேலை ஒப்புக்கொண்ட அன்றே செக்கிங் டேபிளுக்குப் போய், கழித்த பீஸ்களை வேஸ்டில் போடாமல் ரோல் நம்பர் எழுதித் தனி மூட்டையாகக் கட்டி வைக்கச் சொல்லிவிடுங்கள்.